மலை ஏறும் ஜீப்பும் இறங்காத விலையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேதியியல் படித்துவிட்டு அந்தியூரில் பழைய ஜீப் வாங்கி விற்கிறவனுக்கு மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். செயலாளர்தான், "எல்லாரும் உன்கிட்ட கேட்கிற கேள்விக்கு ஒரே தடவையில பதில் சொல்லிடு மாப்ளே" என்றார். கேள்வி இதுதான். புதுக் கார் ஷோரூம் வாசலைத் தாண்டினதும் விலை இறங்கிப் போகிறது. முப்பது வருஷத்து மஹிந்திரா ஜீப்புக்கு மட்டும் ஏனுங்க இன்னும் கிராக்கி?

நமக்குத் தெரிந்த சந்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆடி மாதம் குருநாதசாமி கோவில் திருவிழாவுக்குப் புதுப்பாளையம் போகாதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். அங்கே குதிரையைச் சுற்றித்தான் கூட்டம். ஆனால் காடு மேடு ஏறி மேய்ந்து பழகிய பர்கூர் மாட்டை வாங்க வருகிறவர் கூட்டத்தைப் பார்ப்பதில்லை. பல்லைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் துண்டுக்குள் கை போகும். ஜீப் வியாபாரமும் அப்படித்தான். பெயிண்டைப் பார்க்கிறவர் புது ஆள். நேராகக் கீழே படுத்துச் சேஸைப் பார்க்கிறவரிடம் நான் அதிகம் பேசுவதில்லை.

இந்த வண்டியின் பூர்வீகம் இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1980-களின் நடுவில் பியூஜோ டீசல் இன்ஜினோடு எம்.எம்.540 வந்தது. அதைத்தான் நம் பக்கத்தில் இன்றும் தேடுகிறார்கள்.

காரணம் முதலில் பாதை. அந்தியூரிலிருந்து வறட்டுப்பள்ளம் அணையைத் தாண்டினால் மலை ஏற்றம். தாமரைக்கரை, பர்கூர் வழியாகக் கர்கேகண்டி போகிற தார் ரோட்டில் எந்தக் காரும் போகும். ரோட்டை விட்டு உள்ளே இருக்கிற ஊர்களுக்கு மண் பாதையும் பாறையும்தான். மழை பெய்துவிட்டால் பின் சக்கரம் மட்டும் சுற்றும் வண்டி நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஜீப் ஏறிவிடும். அதிலும் 'லோ' கியர் போட்டால் இன்ஜினின் முறுக்கு சுமார் இரண்டரை மடங்காகிச் சக்கரத்துக்குப் போகும். இறங்கும்போது அதே கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. மலைக்காரர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அந்தக் கியரை மதிக்கிறார்கள்.

அடுத்தது ரிப்பேர். சேஸ் தனி, பாடி தனி. பாடி துருப்பிடித்தால் வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். பட்டை ஒடிந்தால் நம்ம பட்டறையிலேயே அடித்து மாட்டலாம். டீசல் பம்ப்பில் எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. சென்சார் போய் நடுக்காட்டில் நின்றது என்ற பேச்சே வராது. விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டிகள் ஏன் சீக்கிரம் விழுகின்றன என்றால், வாரண்டி முடிந்தபின் அதைத் திறக்கத் தைரியமுள்ள மெக்கானிக் ஊரில் இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

மூன்றாவது, வரத்து நின்றுபோனது. எம்.எம்.540 இப்போது தயாரிப்பில் இல்லை. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியும் இல்லை. ஆசைப்படுகிற ஆள் கூடிக்கொண்டே போகிறார், வண்டி கூடுவதில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. 1998-ல் நான் 1,40,000 ரூபாய்க்கு விற்ற ஜீப்பை 2016-ல் 2 லட்சத்துக்கு மறுபடி விற்றுக் கொடுத்தேன். வாங்கினவர், விற்றவர் இருவருக்கும் சந்தோஷம். ஆனால் 1998-ல் பவுன் 3,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்தப் பணத்துக்கு நாற்பத்தைந்து பவுன் வாங்கியிருக்கலாம். 2016-ல் பவுன் 22,000-ஐ ஒட்டி. 2 லட்சத்துக்கு ஒன்பது பவுன்தான். ஆகவே ஜீப்பு தங்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்ற கார்களோடு ஒப்பிட்டால்தான் அது விலை இறங்காத வண்டி. (கைதட்டியது முழுக்கப் பெண்கள் பக்கம் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.)

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்.சி. புத்தகமும் சேஸ் நம்பரும் ஒத்துப் போகிறதா பாருங்கள். பாடியை நீட்டி, குறைத்து, இன்ஜினை மாற்றி 'மாடிஃபை' செய்த வண்டி போட்டோவுக்கு அழகு. ஆனால் கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பதினைந்து வருஷம் ஆன வண்டிக்கு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது. டெல்லியில் பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வந்தன. தடையில்லாச் சான்று கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீங்க.

இனி, விலை ஏறினால் யாருக்கு லாபம் என்ற விஷயம். தாமரைக்கரைக்கு மேலே ஒரு சிற்றூரில் ஒரே ஒரு எம்.எம்.540 இருந்தது. கேழ்வரகு மூட்டை, புளி, பிரசவ வலி எடுத்த பெண், பரீட்சைக்குப் போகும் பிள்ளை, எல்லாம் அதில்தான் இறங்கும். சில வருஷங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இளைஞர் வந்து அதைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வேண்டுமாம். அவர் சொன்ன விலையை மலையில் யாராலும் கொடுக்க முடியாது. வண்டிக்காரர் என்னிடம் வந்தார். மகள் நர்சிங் சேர வேண்டும், பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. "விட்டுடலாமுங்களா?" என்றார். நான்தான் பேசி முடித்துக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் கூட்டியே வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பிறகு அந்த ஊருக்கு வண்டி வேண்டுமென்றால் தாமரைக்கரைக்குப் போன் போட்டு பிக்கப் வரவழைக்கிறார்கள். ராத்திரியில் எல்லா நாளும் வருவதில்லை. புதுத் தார் 2020 அக்டோபரில் வந்தபோதே 9,80,000 ரூபாயில்தான் ஆரம்பம். நாலு பேர் உட்காரலாம், மூட்டைக்கு இடமில்லை. அது அவர்களுக்கான வண்டி இல்லை.

அந்தப் பெண் படிப்பை முடித்து ஈரோட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதல் சம்பளத்திலிருந்தே சீட்டுக் கட்டுகிறாளாம், அப்பாவுக்கு மறுபடி ஒரு ஜீப் வாங்க. விலைதான் அவர்களை முந்திக்கொண்டு போகிறது. போன மாதம்கூட வந்து கேட்டுவிட்டுப் போனார். உங்களில் பலருக்குத் தோட்டம் இருக்கிறது. சாளை ஓரமாகத் தென்னை ஓலைக்கடியில் ஒரு பழைய ஜீப் ஓடாமல் நிற்கிறது என்றால், விளம்பரம் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்ஜின் கட்டிக் கிடந்தாலும் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். ஆர்.சி. மட்டும் சரியாக இருக்கட்டும்.