அரங்கேற்றத்துக்குப் பிறகு என்ன?

(‘கலையைக் கல்லூரியில் படிக்கலாமா?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இசையையும் நடனத்தையும் கல்லூரியில் ஒரு முழுநேரப் படிப்பாகப் படிக்கலாமா என்பது இன்றைய கேள்வி. படிக்கலாம், படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. யார் படிக்க வேண்டும், எதற்காகப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் நாட்டில் பரதம் கற்காத தமிழ்ப் பெண்பிள்ளை இல்லாத தெரு குறைவு. ஐந்து, ஆறு வயதில் சேர்த்து விடுகிறோம். பதினாறு, பதினேழு வயதில் அரங்கேற்றம். மண்டபம், பக்கவாத்தியம், பட்டுச்சேலை, நகை, அழைப்பிதழ், விருந்து என்று ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழிகிறது. செலவழிக்கட்டும், அது பெற்றோரின் ஆசை. அடுத்த வாரம் என்ன நடக்கிறது? எஸ்பிஎம் தேர்வு நெருங்கிவிட்டது என்று சலங்கை அலமாரிக்குள் போய்விடுகிறது. பத்தாண்டுப் பயிற்சி ஒரு புகைப்பட ஆல்பமாக முடிந்து விடுகிறது.

ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: “சார், பிள்ளை நல்லா ஆடுறா. ஆனா இதையே படிக்கப் போறேன்னு சொல்றா. அதான் பயமா இருக்கு.” பிள்ளை ஆடத் தெரியாதவளாக இருந்தால் அந்தத் தாய்க்குக் கவலையில்லை. நன்றாக ஆடுகிறாள் என்பதுதான் கவலை! நம் சமுதாயத்தின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

அன்பர்களே, அரங்கேற்றம் என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தோம்? சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அரங்கேற்று காதை என்று பெயர். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறினாள். அரசன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கொடுத்தான். அவள் கலை வாழ்க்கை அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது.

அந்தக் காதையில் இளங்கோவடிகள் இன்னொன்றும் செய்கிறார். மாதவியை ஆட விடுவதற்கு முன்னால் அவளுக்குத் துணை நிற்பவர்களின் தகுதிகளை வரிசையாகச் சொல்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை வாசிப்பவன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறார். பிறகு அரங்கம்: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு தருகிறார். திரைகள் மூன்று வகை என்கிறார். தூணின் நிழல் விழாமல் விளக்கு வைக்கச் சொல்கிறார்.

ஆடல் ஒரு துறை, இசை ஒரு துறை, தாளம் ஒரு துறை, பாடல் ஒரு துறை, மேடையமைப்பும் ஒளியும் ஒரு துறை. இன்றைக்குக் கல்லூரியில் நிகழ்கலைத்துறை என்று சொல்கிறோமே, அதன் பாடத்திட்டம் இதுதானே! கலையைத் துறை துறையாகப் படிப்பது நமக்குப் புதிதன்று. நாம் மறந்துவிட்ட பழக்கம்.

குருவிடம் கற்றால் போதாதா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. குரு தருவதை எந்தக் கல்லூரியாலும் தர முடியாது. கையைப் பிடித்துத் திருத்துவது, ஒரு சங்கதியை நூறு முறை பாட வைப்பது, ஒரு பார்வையில் பிழையைச் சுட்டுவது எல்லாம் குருவிடம்தான் கிடைக்கும். பதினான்கு வாரப் பருவத்தில் ஒரு வர்ணத்தை உடம்பில் ஏற்றிவிட முடியாது என்பதும் உண்மை. ஆகவே கல்லூரிக்குப் போகிற பிள்ளை குருவை விட்டுவிடக் கூடாது.

ஆனால் குருவின் வகுப்பில் வாரம் இரண்டு மணி நேரம். அதில் “எப்படி” என்பதைச் சொல்லிக் கொடுக்கவே நேரம் போதாது, “ஏன்” என்று கேட்க இடம் ஏது? அலாரிப்பு ஏன் முதலில் வருகிறது, தில்லானா ஏன் கடைசியில் வருகிறது என்று அரங்கேற்றம் முடித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் ஒழுங்குபடுத்திய வரிசை அது. முதலில் உடம்பைத் தயார் செய், பிறகு சுரத்தோடு சேர், பிறகு சொல்லுக்கு வா, வர்ணத்தில் எல்லாவற்றையும் காட்டு, பதத்தில் மனத்தைக் காட்டு, தில்லானாவில் மகிழ்ச்சியோடு முடி. இது தெரிந்தவர் அந்த வரிசையைக் காப்பாற்றவும் செய்வார், தேவைப்பட்டால் துணிந்து மாற்றவும் செய்வார். தெரியாதவர் அடுத்தவர் செய்ததை அப்படியே நகல் எடுப்பார்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். அரைமண்டியில் பாதம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து தொடங்க வேண்டும். முழங்காலை முறுக்கித் திருப்பினால் சில ஆண்டுகளில் வலி வந்து சேரும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் சிமெண்டுத் தரையில் தட்டுகிறார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று பழமொழி சொல்வோம். ஆடத் தெரிந்தவளுக்கும் கூடம் கெடுதல் செய்யலாம் என்பதை உடலியல் படித்தவர்தான் எடுத்துச் சொல்வார். முழுநேர நடனப் படிப்பில் மரத்தரை ஏன், தசைப் பயிற்சி எப்படி, காயம் பட்டால் எத்தனை நாள் ஓய்வு என்பதெல்லாம் பாடம். இசை மாணவருக்குக் குரலைக் காப்பதும் ஒலிவாங்கியைக் கையாள்வதும் பாடம். இவற்றோடு ஒளியமைப்பு, மேடை நிர்வாகம், ஒப்பந்தம் எழுதுவது, ஆய்வுக் கட்டுரை எழுதுவது எல்லாம் உண்டு.

நம்மவர்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தார்கள். சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் 1929இல் இசைக் கல்லூரி தொடங்கினார். ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். மட்டக்களப்பு மண்ணில் பிறந்த விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். மறைந்து போன யாழைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். வீணை தனம்மாளின் பேரனும் பாலசரஸ்வதியின் தம்பியுமான புல்லாங்குழல் கலைஞர் தி. விஸ்வநாதனுக்குப் பரம்பரைச் சொத்தாகவே இசை இருந்தது. அவரே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராக ஆலாபனையை ஆய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, அங்கேயே பல ஆண்டுகள் கற்பித்தார். பரம்பரை உள்ளவருக்கே படிப்பு வேண்டியிருந்தது என்றால், நமக்கு வேண்டாமா?

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். என் பேச்சில் முக்கியமான பகுதி இதுதான்.

பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1970ஆம் ஆண்டிலேயே நிகழ்கலைப் படிப்பு தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கி வைத்த பேராசிரியர் குலாம் சர்வார் யூசோப், கிளந்தான் கிராமங்களில் ஆடப்பட்ட மாக் யோங் கூத்தை ஆராய்ந்து 1976இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாயாங் கூலிட் எனும் நிழற்பொம்மைக் கூத்துக் கலைஞர் ஹம்சா அவாங் அமாட், கிராமத்திலிருந்து வந்து பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பித்தார். 1993இல் நாட்டின் உயரிய கலை விருது அவரைத் தேடி வந்தது. மாக் யோங் கூத்தை 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

இங்கே நடந்தது என்ன? ஆடியவர்கள் கிராமத்தார். அதை எழுதி, பதிவு செய்து, உலகம் புரிந்துகொள்ளும் மொழியில் எடுத்துச் சொல்லக் கலை படித்தவர்களும் இருந்தார்கள். இரண்டு கையும் சேர்ந்துதான் ஓசை எழுந்தது.

இப்போது நம் பக்கம் பாருங்கள். தோட்டப்புறத்தில் நம் பாட்டன்மார் வளர்த்த உருமி மேளம் இன்றும் தைப்பூசத்தில் அதிர்கிறது. அந்தத் தாளக் கட்டுகளை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? பால்மரக் காட்டில் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறோம்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்து விட்டார்கள். பாடத் தெரிந்த பாட்டிகள் ஒவ்வொருவராக விடைபெற்றுக் கொண்டிருக்கிறார்கள். டாக்டர் பிள்ளையும் வக்கீல் பிள்ளையும் இந்த வேலையைச் செய்யப் போவதில்லை. காதில் தாளமும் கையில் பேனாவும் உள்ள பிள்ளை ஒன்று வேண்டும். அந்தப் பிள்ளையை உருவாக்கும் இடம்தான் நிகழ்கலைத்துறை.

தலைநகரில் 1994இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கி 2006இல் அஸ்வாரா என்று பெயர் பெற்ற கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மலாய் நடனம், சீன நடனம், மேற்கத்திய நடனம் ஆகியவற்றோடு பரதமும் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. மலாய் மாணவர் தட்டடவு பழகுகிறார். இயந்திரப் பொறியியல் படித்த ராம்லி இப்ராகிம் பரதமும் ஒடிசியும் கற்று, 1983இல் சூத்ரா நடனக் குழுவை அமைத்து, 2018இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிறர் நம் கலையைப் பெருமையோடு படிக்கும்போது நம் பிள்ளை படிப்பதற்கு மட்டும் நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

“படித்தால் சோறு போடுமா?” என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். மேடையில் ஆடியே மாதச் சம்பளம் போல் வருமானம் பார்ப்பவர்கள் இந்நாட்டில் மிகச் சிலர். மேடையை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேராதீர்கள். ஆனால் மேடையைச் சுற்றி வேலைகள் உண்டு. பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணி, கலை பண்பாட்டு அரசுத் துறைகள், வானொலி, தொலைக்காட்சி, நிகழ்ச்சித் தயாரிப்பு, ஒலி ஒளி அமைப்பு, சொந்தக் கலைப்பள்ளி என்று வழிகள் இருக்கின்றன. ஒரு திறமையோடு நிற்பவர் தடுமாறுவார். ஆடவும் தெரிந்து, எழுதவும் தெரிந்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் திட்ட அறிக்கை தயாரிக்கவும் தெரிந்தவருக்கு வாய்ப்பு கூடும்.

சேர்வதற்கு முன் பெற்றோர் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதிநிலை முகமையின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். வெளிநாட்டில் படிப்பதாக இருந்தால், அந்தச் சான்றிதழ் இங்கே அரசு வேலைக்குச் செல்லுமா என்று விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். ஆண்டுக் கணக்கில் உழைத்துப் பட்டம் வாங்கி வந்து, இது செல்லாது என்று கேட்பதைப் போன்ற வேதனை வேறில்லை. இரண்டாவது, பிடிபிடிஎன் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றாவது, ஆசிரியர்கள் யார், நடனக்கூடம் எப்படி, பழைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

நான்காவது சோதனை பிள்ளைக்கு. கைத்தட்டல் இல்லாத நாளிலும் அவள் பயிற்சி செய்கிறாளா? அடுத்தவர் ஆடுவதை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருக்கிறதா? புத்தகத்தைத் திறக்கிறாளா? ஆம் என்றால் தடுக்காதீர்கள். கணக்கும் அறிவியலும் வரவில்லை, போக்கிடம் இல்லை என்பதற்காக மட்டும் கலைத்துறைக்கு அனுப்பாதீர்கள். அது பிள்ளைக்கும் நல்லதன்று, கலைக்கும் நல்லதன்று. ஆண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிருதங்கம் என்றால் சரி, நாட்டியம் என்றால் முகம் சுளிப்பது என்ற பழக்கத்தை விட்டுவிடுவோம். சலங்கைக்கு ஆண், பெண் தெரியாது.

நிறைவாக, நம் இயக்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு ஒரு நாள் இரவு வெளிநாட்டுக் கலைஞரை அழைக்கிறீர்கள், மகிழ்ச்சி. அந்தச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவருக்குக் கலை படிக்க உபகாரச் சம்பளம் கொடுங்கள். பதிலுக்கு அவர் ஒரு வேலை செய்யட்டும். உங்கள் ஊரில் பாடத் தெரிந்த ஒரு பாட்டியையும் உருமி அடிக்கத் தெரிந்த ஒரு பெரியவரையும் தேடிப் பிடித்து, அவர்களுக்குத் தெரிந்ததை முழுக்கப் பதிவு செய்து, ஆலயத்தில் ஒரு படியும் பல்கலைக்கழகத்தில் ஒரு படியும் வைக்கட்டும். ஒரு ஊருக்கு ஒருவர் கிடைத்தாலும் போதும்.

பெற்றோர்களே, அரங்கேற்றம் முடிந்த மறுநாள் பிள்ளையிடம் “சலங்கையை எங்கே வைத்தாய்?” என்று கேட்காதீர்கள். “அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?” என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை முழுவதும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.