தங்க நிற ஸ்டிக்கர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஜப்பான் போயிட்டு வந்தியே, அதைப் பத்திப் பேசு" என்றார் சங்கச் செயலாளர். புல்லட் ரயிலைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது யூடியூப்பிலேயே ஓடுகிறது. நான் சொல்லப்போவது டோக்கியோவில் இச்சிபான்சோ என்ற இடத்தில், ஒரு கட்டடத்தின் தரைக்குக் கீழே இருக்கும் சின்ன கேமரா மியூசியத்தைப் பற்றி. நான் போனபோது டிக்கெட் 300 யென். நம் எலக்ட்ரிகல் லேபைப் போல ஒரு கூடம், வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், அவ்வளவுதான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். காட்சிக்கு வைப்பது அதில் சில நூறுதான்.

அங்கே 1839-ல் பாரிஸில் செய்த ஒரு மரப்பெட்டி இருக்கிறது. உலகில் முதன்முதலாக விலைக்கு விற்கப்பட்ட கேமரா அந்த மாடல்தான். டாகேர் கண்டுபிடித்தார், ஜிரூ என்பவர் செய்து விற்றார். ஷட்டர், ஸ்பிரிங் எதுவும் கிடையாது. லென்ஸ் மூடியைக் கையால் விலக்கி, நிமிஷக் கணக்கில் காத்திருந்து, திரும்பக் கையாலேயே மூட வேண்டும். என்னை நிறுத்தியது அதன் பக்கவாட்டில் இருந்த முத்திரைத் தகடு. டாகேரின் கையெழுத்தும் ஜிரூவின் முத்திரையும் இல்லாத கருவிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அதில் அறிவித்திருக்கிறார்கள். பாருங்கள், கேமரா பிறந்தபோதே போலியைப் பற்றிய பயமும் கூடவே பிறந்துவிட்டது!

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமா கொண்டுவந்த பழைய யாஷிகா, மினோல்டா கேமராக்களில் நகத்தளவு ஒரு தங்க நிற ஸ்டிக்கர், முட்டை வடிவத்தில் இருக்கும். 'பாஸ்ட்' என்று அதில் எழுதியிருக்கும். மூத்த செட் அண்ணன்களுக்கு ஞாபகம் இருக்கும். நமக்கெல்லாம் பாஸ் என்றால் அரியர் இல்லாமல் தப்பிப்பது. அந்தக் கேமராவுக்கு அது ஏற்றுமதிப் பரீட்சையில் தேறியதற்கு அடையாளம். அந்த ஸ்டிக்கரை ஒட்டிய ஜே.சி.ஐ.ஐ. அமைப்புதான் இந்த மியூசியத்தையும் நடத்துகிறது.

போருக்குப் பிறகு ஜப்பான் சாமான் என்றால் மலிவு, காப்பி என்றுதான் உலகத்தில் பேர். 1950-ல் டங்கன் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் கொரியப் போருக்கு நிக்கான் லென்ஸோடு போய் எடுத்த படங்கள் 'லைஃப்' பத்திரிகையில் வந்தன. அதற்குப் பிறகு கொஞ்சம் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஒரு கம்பெனி நல்ல பேர் எடுக்க, இன்னொரு கம்பெனி மட்டமான சரக்கை அனுப்பினால் எல்லோர் பேரும் போய்விடுமே? 1954-ல் கேமராக்களைச் சோதிக்கவென்றே இந்த அமைப்பை ஏற்படுத்தினார்கள். 1957-ல் ஏற்றுமதி ஆய்வுச் சட்டமும் வந்தது. வேலைமுறை நாம் படித்த சாம்ப்ளிங்தான். லாட்டில் சிலவற்றை எடுத்துச் சோதிப்பார்கள், தேறாவிட்டால் லாட் நிற்கும்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது சோதனை இல்லை. சோதித்தவர் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதுதான். அவர் நிக்கான் ஆளும் இல்லை, கேனான் ஆளும் இல்லை. டிஸ்பாட்ச் அவர் கவலை இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் (பேர் வேண்டாம்) மாசக் கடைசி சாயங்காலம், லாரி வாசலில் நிற்கிறது. அளவு தப்பிய ஒரு லாட்டை இன்ஸ்பெக்டர் அண்ணன் ஒருத்தர் நிறுத்திவிட்டார். "ஒரு கையெழுத்துதானேய்யா" என்றார்கள். போடவில்லை. மறுவாரம் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றல் ஆர்டரில் கையெழுத்திட்டவர் புரொடக்ஷன் மேனேஜர். இன்ஸ்பெக்ஷனும் அவர் கீழேதான்! அந்த அண்ணன் இருந்த இடத்தில் யார் இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். அதனால் தம்பிகளே, தங்கைகளே, குவாலிட்டி வேலைக்கு இன்டர்வியூ போனால் சம்பளத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: "நான் யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும் சார்?"

1989-ல் கேமராவுக்கு அந்த ஏற்றுமதிச் சோதனை முடிந்துபோனது. கம்பெனிகளின் தரம் அந்த அளவுக்கு வந்துவிட்டது, ஸ்டிக்கர் தேவைப்படவில்லை. அதே வருஷம்தான் இந்த மியூசியத்தைத் திறந்தார்கள். வேலை தீர்ந்த ஒரு ஆபீஸ், தான் பாஸ் போட்ட சரக்கையே அடுக்கிவைத்து நமக்குக் காட்டுகிறது. நம் ஊரில் வேலை தீர்ந்த ஆபீஸை மூடி நான் பார்த்ததே இல்லை, அது வேறு கதை.

டோக்கியோ போகிறவர்கள் ஹன்சோமோன் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். திங்கட்கிழமை லீவு, பார்த்துப் போங்கள்.