வீட்டுத் தோட்டத்தில் தாட்பூட் கொடி



தாட்பூட் பழம் என்றும் பேஷன் புரூட் என்றும் வழங்கும் கொடிப்பயிரை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது குறித்துச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதன் தாயகம் தென் அமெரிக்கா. நம் நாட்டில் நீலகிரி, கொடைக்கானல், வயநாடு, குடகு ஆகிய மலைப்பகுதிகளிலும், மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் முதலிய வடகிழக்கு மாநிலங்களிலும் இது நன்கு வேரூன்றியுள்ளது. இதன் பூவில் இயேசுவின் பாடுகளைக் கண்ட ஐரோப்பியப் பாதிரிமார் அதற்கேற்பப் பெயரிட்டனர். இதே இனத்துப் பூக்களில் நம் மக்கள் நூறு கௌரவர்களையும் ஐந்து பாண்டவர்களையும் கண்டு, கிருஷ்ண கமலம் என்று அழைத்தனர். பூ ஒன்றே, காண்பவர் கண்தான் வேறு.

இக்கொடி எதையும் தாங்கும், போட்ட இடத்தில் படரும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்றைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். நாம் பயிரிடுவன பெரும்பாலும் இரு வகைகள். ஊதா நிறப் பழம் தருவது மலைநாட்டுக் குளிரைத் தாங்கும். இலேசான உறைபனியையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மண்ணில் வாழும் பூசணத்தால் வரும் வாடல் நோய்க்கும், வேரைத் தாக்கும் நூற்புழுக்களுக்கும் எளிதில் இரையாகும். மஞ்சள் நிறப் பழம் தருவது உறைபனியைத் தாங்காது. ஆயினும் வெப்பத்தையும் மேற்கூறிய மண் கேடுகளையும் பெரிதும் எதிர்த்து நிற்கும். ஆகவே ஒன்றின் வலிமை தண்டிலும், மற்றதன் வலிமை வேரிலும் உள்ளது எனலாம். மஞ்சள் வகையின் வேர்ச்செடியில் ஊதா வகையை ஒட்டுக்கட்டும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. இரு வகைகளையும் கலந்து, குடகு மாவட்டம் செட்டள்ளியிலுள்ள மத்தியத் தோட்டக்கலை ஆய்வு நிலையம் உருவாக்கிய வீரிய ஒட்டுவகை 'காவேரி' ஆகும்.

இனி, அலுவலர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்திக்கு வருகிறேன். ஊதா வகை தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். முற்றத்தில் ஒரு கொடி இருந்தாலும் பழம் கிடைக்கும். மஞ்சள் வகை அவ்வாறன்று. தன் பூவின் மகரந்தத்தை அது ஏற்பதில்லை. அதே கொடியின் வேறொரு பூவின் மகரந்தத்தையும் ஏற்பதில்லை. ஒரே தாய்க்கொடியின் தண்டுகளை வெட்டி வேர்பிடிக்கச் செய்து ஒரு தெரு முழுவதும் வழங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். நம் பதிவேட்டில் நாற்பது கன்றுகள். இயற்கையின் கணக்கில் அவை அனைத்தும் ஒரே கொடி. நாற்பது பந்தல்களிலும் பூக்கள் குலுங்கும். காய் ஒன்றும் நிற்காது. மறு ஆண்டு இல்லத்தரசி மண்ணைக் குறை கூறிக் கொடியை வெட்டி எறிவார். திட்டத்தின் மீதும் அவருக்கு நம்பிக்கை போய்விடும். அதை மீட்பது கன்று வளர்ப்பதைவிடக் கடினம்.

எனவே மஞ்சள் வகையை வழங்கும்போது, வெவ்வேறு கொடிகளின் பழங்களிலிருந்து எடுத்த விதைகளைக் கலந்து நாற்றுவிட வேண்டும். ஒரு பழத்தின் விதைகள் மட்டும் போதா. உடன்பிறந்த செடிகளுள்ளும் ஒன்றையொன்று ஏற்காதவை உண்டு. வீட்டுக்கு இரண்டு கன்றுகளாவது தருவது நலம். இடமில்லாத வீட்டுக்கு ஒன்றே தந்தாலும், அடுத்த வீட்டுக் கொடி வேறு வழியினதாக இருக்கட்டும். காவேரி வகைக்கு நேர்மாறான முறை வேண்டும். விதையிட்டால் அதன் குணங்கள் சிதறிவிடுமாதலால், தண்டு நட்டோ ஒட்டுக்கட்டியோதான் அதனைப் பெருக்க வேண்டும்.

மகரந்தத்தைக் கொண்டு செல்வது யார்? ஊதாப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலில் மூடிக்கொள்ளும். மஞ்சள் வகையின் பூ நண்பகலை ஒட்டி மலர்ந்து இரவில் மூடும். இப்பெரிய பூவுக்கு உற்ற துணை, மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கரிய பெருந்தேனீ. காய்ந்த மரத்துண்டையோ மூங்கிலையோ பந்தலருகே விட்டுவைத்தால் அது குடியேறும். பிற்பகலில் பூச்சிமருந்து தெளிப்பவர் தம் விளைச்சலையே அழித்துக்கொள்கிறார். மழை நாட்களில் மகரந்தம் நனைந்து வெடித்துப் பயனற்றுப்போவதால் காய்ப்பு குறையும். தேனீ வராத இடங்களில், பிற்பகலில் மற்றொரு கொடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, பூவின் மூன்று சூல்முடிகளிலும் தடவலாம். மலர்ந்தபின் சூல்முடிகள் கீழ்நோக்கி வளையும். வளையாமல் நிமிர்ந்தே நிற்கும் பூக்களில் உழைப்பு வீண். மாணவர்கள் இதனை ஒரு பிற்பகல் உட்கார்ந்து நேரில் பார்க்க வேண்டும். பாடநூலில் படிப்பது போதாது.

நடவுமுறை எளியதே. ஒரு முழ அளவுக்கு, அதாவது 45 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மூன்று பங்கு மேல்மண்ணும் ஒரு பங்கு மக்கிய எருவும் இட்டு நிரப்பலாம். தண்ணீர் தேங்கினால் கொடியின் அடிப்பகுதி அழுகும். ஒட்டுச்செடியாயின் ஒட்டிடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும்; புதைந்துவிட்டால் மேற்செடி தானே வேர்விட்டு, பழைய வாடல் நோய்க்கு வழி திறந்துவிடும். பந்தலோ கம்பியோ நடவுக்கு முன்பே ஆயத்தமாக இருக்கட்டும். புதிய தளிரில்தான் பூ வரும். ஆதலால் அறுவடை முடிந்ததும் பக்கக் கிளைகளை நான்கைந்து கணுக்கள் விட்டுக் கத்தரிக்க வேண்டும். கத்தரிக்க மனம் வராதவர் வீட்டில் நிழல் மட்டுமே மிகும். இலையை மேயும் முள்ளுடல் புழுக்களைக் கண்டால் கையால் பொறுக்கி அகற்றலாம். வீட்டுப் பந்தலுக்கு அதுவே போதும்.

நட்ட பத்தாம் மாதம் அளவில் காய்ப்புத் தொடங்கும். பழுத்த பழம் தானாகவே உதிரும். நாள்தோறும் கொடியடியில் பொறுக்கிக்கொள்ள வேண்டும். தோல் சற்றுச் சுருங்கிய பழத்தைக் கெட்டதென்று எறிய வேண்டாம். அதில்தான் இனிப்பு மிகுதி. முற்றாத காயில் சயனைடு தரும் பொருள்கள் இருப்பதால், பச்சைக் காயைக் குழந்தைகள் பறித்துத் தின்னாதபடி கன்று வழங்கும் அன்றே தாய்மாரிடம் சொல்லிவிட வேண்டும்.