மஞ்சள் கடுதாசியா, தவணையா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரயிலே இல்லாத தீவில் இரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று முன்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். சிரியுங்கள். வட்டிக்குத் தண்டவாளம் தேவையில்லை, கப்பலேறியும் வரும். ஊரில் தங்கை கல்யாணக் கடன், இங்கே சீட்டும் மளிகைப் பாக்கியும் என்று நம்மவர்களுக்கு இரு கரையிலும் கடன்.

கழுத்தை நெரித்தவுடன், "ஐ.பி. கொடுத்துவிட்டால் தீர்ந்தது" என்கிறார்கள். தீராது. 2016இல் புதிய திவால் சட்டம் வந்தது. ஆனால் அதில் தனிமனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலாயிற்று. சாதாரண மனிதனுக்கு இன்றும் வெள்ளைக்காரன் எழுதியதுதான்: சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், வெளியூர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம்.

வெளியூர்ச் சட்டப்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம். சொத்து கோர்ட் கைக்குப் போகும். உடுதுணி, சமையல் பாத்திரம், தொழிற்கருவி மிஞ்சும். அடகு வைத்தது தப்பாது. கடன் விடுதலை உத்தரவு வரும்வரை, தான் திவாலானவன் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. 50 ரூபாய்! மளிகைக்கடையில் ஒருநாள் பாக்கி.

இதைவிடக் கொடுமை ஒன்று. நீங்கள் விடுதலையானாலும் உங்களுக்கு ஜாமீன் நின்றவன் விடுதலையாவதில்லை. நானே ஒரு நண்பருக்குக் கையெழுத்துப் போட்டேன். அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். மூன்று ஆண்டுகள் என் சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்குக் கோபம் ஆறிவிட்டது, என் மனைவிக்கு ஆறவில்லை. கப்பலேறி வந்த நாம் ஒருவர் கையெழுத்தில் ஒருவர் பிழைக்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே முதலில் தவணை பேசிப் பாருங்கள். லோக் அதாலத்துக்கு, வழக்கு வருமுன்பே போகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் சட்ட உதவி இலவசம். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டது கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. எதிராளி மிரட்டுகிறான் என்று கட்டமுடியாத தவணைக்குத் தலையாட்டாதீர்கள். அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துவைத்து மிஞ்சுவதுதான் தவணை. "ஜெயிலுக்கு அனுப்புவேன்" என்பான். உண்மையிலேயே கொடுக்க வழியற்றவனை வெறும் கடனுக்காகச் சிறையில் தள்ளக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1980லேயே சொல்லிவிட்டது.

கூலி வட்டிக்கே காணவில்லை, ஜாமீன்தாரரும் இல்லை என்றால் ஐ.பி. கொடுப்பதில் வெட்கமில்லை. அதற்குள்ளும் ஒரு தவணை வழி உண்டு. திவால் உத்தரவுக்குப் பிறகு நீங்கள் ஒரு திட்டம் வைக்கலாம். கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையோர், கடன் தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்கள், ஒப்பி, கோர்ட்டும் ஏற்றால் மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும்.

ஞாயிறு சாயங்காலம் பத்திரம், ரசீதுகளோடு சங்கத்துக்கு வாருங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்; எந்த மாதம் எவ்வளவு கட்டினோம் என்பது அவர்களுக்குத்தான் சரியாக நினைவிருக்கும்.