கடலோரக் கிராமமும் இயற்கை அனர்த்தமும்

கல்முனைக்கு வடக்கே, திரௌபதை அம்மன் ஆலயத்தினாற் புகழ்பெற்ற பாண்டிருப்பு அமைந்துள்ளது. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே வயல்வெளியும் நீர் தங்கும் தாழ்நிலமும். இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பாங்கான குடியிருப்பு நிலம். பெரியநீலாவணை, மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரைப்பகுதியின் இயல்பு பெரும்பாலும் இதுவே.

இத்தகைய ஊருக்கு நேரக்கூடிய இடரை மதிப்பிடுவது எங்ஙனம்? மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். அனர்த்தம் எத்துணை அடிக்கடி வரும்? வந்தால் எவரை, எவற்றைத் தாக்கும்? தாக்கப்படுவோர் அதனைத் தாங்க வல்லவரா?

வெள்ளத்தை முதலிற் கொள்வோம். வடகீழ்ப் பருவமழை வலுக்கும்போது கிட்டங்கித் தாம்போதி நீரில் மூழ்குவதும், நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் இடையே போக்குவரவு தடைப்படுவதும் இப்பகுதியார் பலகாலும் கண்டவை. வெள்ளம் அடிக்கடி வருவது. உயிரினும் பெரும்போக வேளாண்மையையே மிகுதியும் கொள்வது. சூறாவளி அரிதாக வருவது, ஆயினும் கொடியது. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி கிழக்கு மாகாணத்தில் கூரைகளைப் பிய்த்தெறிந்து, தென்னந்தோப்புகளைச் சாய்த்து, பல நூறு உயிர்களைக் குடித்தது. கடற்கோளோ அதனினும் அரிது. அழிவில் அதற்கு நிகரில்லை. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டம் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தது. அவ்வழிவில் பெண்களும் சிறுவரும் முதியோருமே பெருந்தொகையினராய் மாண்டனர் என்பதை ஆய்வுகள் காட்டின.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். கடல் பொங்கினால் மக்கள் மேற்கே ஓடுதல் வேண்டும். ஆனால் மேற்கே இருப்பது மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் தாழ்நிலம். வெள்ளத்துக்கு உகந்த புகலிடம் கரையோர மணல்மேடு; கடற்கோளுக்கு அதுவே முதற்பலி. சூறாவளிக்கோ உறுதியான கூரையே வேண்டும். ஆகவே, ‘பாதுகாப்பான இடம்’ என்று ஒன்றை மட்டும் குறித்துவைப்பது போதாது. ஒவ்வோர் அனர்த்தத்துக்கும் தனித்தனி வரைபடமும், தனித்தனி வழியும், மழைக்காலத்தில் அவ்வழி திறந்திருக்குமா என்ற சோதனையும் வேண்டும்.

மக்கட்டொகையும் எந்நாளும் ஒரே அளவினதன்று. தீமிதிப்பு வைபவத்தின்போது அயலூர் மக்கள் பாண்டிருப்பில் வெள்ளமெனத் திரள்வர். பதிவேட்டிலுள்ள பெயர்களை மட்டும் எண்ணுபவர் அன்றைய இடரை அறியார். நடக்க இயலாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார், கைக்குழந்தையுடன் தனித்திருக்கும் தாய் யார் என்பனவற்றைத் தலைநகர அலுவலகம் அறியாது. கிராம உத்தியோகத்தரும் அயலவருமே அறிவர்.

2004இல் சுமாத்திராவிற் பூமி அதிர்ந்தபின், அலை கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்றது. ஆயினும் பசிபிக் சமுத்திரத்தில் 1949 தொட்டு இயங்கிய எச்சரிக்கை நிலையம் போன்றதொன்று இந்து சமுத்திரத்துக்கு அன்று இல்லை. அதிர்வுக்கு மிக அண்மையிலிருந்த சிமலுவே தீவினருக்கோ சில நிமிடங்களே கிடைத்தன. ஆனால் 1907இல் வந்த பேரலையின் நினைவை அத்தீவின் முதியோர் கதையாகவும் தாலாட்டாகவும் போற்றி வந்தனர். நிலம் நடுங்கியதும் மக்கள் மலையேறினர். அலைக்கு இரையானோர் எழுவர் மட்டுமே எனக் கூறுவர்.

இலங்கையிலும் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் நிறுவப்பட்டது. எச்சரிக்கை இப்பொழுது வருகிறது. வந்த எச்சரிக்கையைக் கேட்டதும் எந்தத் தெருவினர் எந்தப் பக்கம் செல்வது, எவரை யார் தூக்கிச் செல்வது என்பதை ஊரே முன்கூட்டி முடிவு செய்தல் வேண்டும். ஆண்டுதோறும் மாரி தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுது ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் கூடி, இக்கணக்கைப் புதுப்பித்தல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. அலையை நிறுத்த எவராலும் இயலாது. எத்தனை பேர் அதன் வழியில் நிற்பார்கள் என்பது பெரும்பாலும் மனிதர் கையிலேயே உள்ளது.