ஒரு வசனமா, மூன்று அதிகாரமா?

'இவங்க என்ன பெரிசா சொல்லிடப் போறாங்க' என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! வீட்டில் டி.வி. முன்னால் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

வேதாகமத்தின் பொருளை நமக்குத் திறந்து காட்டுவது நெடுநாள் படிப்பா, தெய்வ வெளிப்பாடா? இதுதான் தலைப்பு. படிப்புதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியில் முதலில் பேசிய அம்மா, "படிப்பெல்லாம் எதுக்கு? ஆவியானவர் உணர்த்துவார்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனா நடுவர் அவர்களே, அதைச் சொல்றதுக்கு அவங்க கையில எத்தனை துண்டுச் சீட்டு இருந்தது, கவனிச்சீங்களா? பதினொண்ணு! நான் எண்ணினேன். படிக்க வேண்டாம்னு சொல்றதுக்கே ஒரு வாரம் உட்கார்ந்து படிச்சிருக்காங்க! (சிரிப்பு)

அடுத்து வந்த தம்பி கேட்டார்: "பேதுரு என்ன எம்.ஏ. படித்தவரா? வலை இழுத்த மீனவர்தானே?" உண்மைதான். பேதுருவையும் யோவானையும் விசாரித்த எருசலேம் பெரிய மனிதர்களும் இவர்கள் படிக்காதவர்கள் என்றுதான் நினைத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. ஆனால் இவர்கள் இயேசுவோடு கூட இருந்தவர்கள் என்று அடையாளம் கண்டுகொண்டதும் அதே இடத்தில்தானே இருக்கிறது! குருவோடு ஊர் ஊராக நடந்து, கூடவே சாப்பிட்டு, புரியாததைக் கேட்டு, 'இன்னுமா புரியல' என்று திட்டும் வாங்கி... இதுக்கு என்னங்க பேரு? குருகுலம்! அதைவிடப் பெரிய படிப்பு ஏது? (கைதட்டல்)

உயிர்த்தெழுந்த நாளில் இரண்டு சீடர்கள் எம்மாவு ஊருக்கு நடந்து போகிறார்கள். எருசலேமிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர். வழியில் இயேசுவே வந்து சேர்ந்துகொள்கிறார். அவர் நினைத்திருந்தால், 'நான்தான் அவர்' என்று ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். சொன்னாரா? இல்லை. மோசேயின் ஆகமத்தில் ஆரம்பித்து, தீர்க்கதரிசிகள் எல்லாரையும் எடுத்து, நடக்க நடக்கப் பாடம் நடத்துகிறார். கண் திறந்தது சாப்பாட்டு மேசையில், அப்பத்தைப் பிட்ட நேரத்தில். அதை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் பாடம் முடிந்த பிறகுதானே அப்பம் வந்தது!

"மார்ட்டின் லூதருக்கு ஒரே நொடியில் வெளிச்சம் வந்தது" என்றார்கள். வந்தது. யாருக்கு வந்தது என்று பார்க்க வேண்டாமா? விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் 1512ல் முனைவர் பட்டம் வாங்கி, வேதாகமம் நடத்திய பேராசிரியருக்கு வந்தது. ரோமர் நிருபத்தின் ஒரு வாக்கியம் பிடிபடாமல் இரவும் பகலும் அதிலேயே முட்டிக்கொண்டிருந்தேன் என்று 1545ல் அவரே எழுதி வைத்திருக்கிறார். கதவை இத்தனை நாள் தட்டியவருக்குக் கதவு திறந்தது. அந்தத் தெருப்பக்கமே போகாதவனுக்குத் திறந்ததாக அவர் சொல்லவில்லை!

நம்ம ஊருக்கு வருவோம். எதிரணி அம்மா சொன்னாங்க: "ராத்திரி ரெண்டு மணிக்குத் தமிழ் பைபிளைத் திறந்தேன், ஒரு வசனம் என்கிட்ட பேசிச்சு." நம்புகிறேன், தாயே. அந்த வசனம் உங்க கிட்ட தமிழ்ல பேசிச்சே, அதுக்குத் தமிழ் கத்துக் கொடுத்தது யாரு? (சிரிப்பு)

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் ஒரு ஜெர்மானிய இளைஞர் வந்து இறங்கினார். பெயர் சீகன்பால்க். வானத்தைப் பார்த்து, 'ஆண்டவரே, தமிழை இறக்கும்' என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிக் கற்றுக்கொண்டார். 1708ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711ல் முடித்தார். 1715ல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே அது முழுவதும் அச்சாகி வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்தார். 1719ல், 36 வயதில் கண்ணை மூடிவிட்டார். அவர் செய்தது போதும் என்று பின்னால் வந்தவர்கள் விட்டார்களா? 1740ல் வந்த பப்ரிஷியஸ் உட்கார்ந்து, சொல் சொல்லாகச் சீர்தூக்கி, புதிய ஏற்பாட்டை மறுபடி எழுதினார். அது வெளிவந்தது 1772ல்! நமக்கு நடுராத்திரியில் பேசுகிற வசனத்துக்குப் பின்னால் இவர்கள் பகலெல்லாம் சிந்திய வியர்வை இருக்கிறது.

எதிரணித் தலைவர் கெட்டிக்காரர். ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். "ஜெரோம் பெரிய பண்டிதர். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் பெத்லகேமில் உட்கார்ந்து எபிரேயத்திலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்தார். என்ன ஆச்சு? மோசேக்குத் தலையில் கொம்பு முளைச்சுது! இதுதான் உங்க படிப்பு!" என்றார். நல்லாத்தான் கைதட்டினீங்க.

நடந்தது இதுதான். மோசே மலையிலிருந்து இறங்கியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்லும் எபிரேயச் சொல், 'கொம்பு' என்ற சொல்லின் உறவுக்காரச் சொல். ஒளி வீசியது என்பதற்கும் அதே வேர்தான். ஜெரோம் கொம்புப் பக்கம் போய்விட்டார். அதனால் ரோமாபுரியில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசேக்கு இன்றைக்கும் இரண்டு கொம்பு! ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று நம் தமிழ் வேதாகமத்தில் மோசேக்குக் கொம்பு இருக்கிறதா? முகம் பிரகாசித்தது என்றுதானே இருக்கிறது? அந்தக் கொம்பை எடுத்தது யார்? எபிரேயம் படித்த இன்னொருவன்! ஒருவன் படிப்பில் செய்த பிழையை இன்னொருவன் படித்துத் திருத்தலாம். 'எனக்கு வெளிப்பாடு வந்தது' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது பிழையென்றால் யாருங்க திருத்துறது? வாயைத் திறந்தால், 'நீ கடவுளையே எதிர்க்கிறாயா' என்பார்!

பெரோயா ஊர் மக்களைப் பாருங்கள். பிரசங்கம் பண்ணினவர் சாதாரண ஆளா? தமஸ்கு வழியில் வானத்து வெளிச்சத்தையே கண்ட பவுல்! அவர் பேச்சையே, 'இது சரிதானா' என்று தினமும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைத் திட்டவில்லை. நற்குணம் உள்ளவர்கள் என்று பாராட்டுகிறது! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இது வெறும் மேடை விளையாட்டு இல்லை. என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஒரு புண். ஒருநாள் காலையில் ஜெபம் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரலை வைத்தார். விரல் விழுந்த இடம் இரண்டாம் நாளாகமம் 16ஆம் அதிகாரம். ஆசா என்ற ராஜாவுக்கும் காலில்தான் வியாதி. அவன் ஆண்டவரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான் என்று வருகிற இடம். பெரியப்பாவுக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. "கர்த்தர் என் காலைப் பற்றியே பேசிட்டார்" என்று மாத்திரையைத் தூக்கி வைத்துவிட்டார். பெரியம்மா அழுதார்கள். நாங்கள் கெஞ்சினோம். யார் சொல்லியும் கேட்கவில்லை. வெளிப்பாடு வந்தவரிடம் நாம் என்ன பேச முடியும்?

ஆறு வாரம் போயிற்று. கடைசியில் ஊரிலிருந்த வயதான போதகர் ஒருவர் வந்தார். சண்டை போடவில்லை. "வாங்க ஐயா, ஆசாவோட கதையை முதல்லேர்ந்து படிப்போம்" என்று உட்கார்ந்தார். நாலு சாயங்காலம். 14ஆம் அதிகாரத்திலிருந்து 16 முடிய. ஆசா ஒரு காலத்தில் ஆண்டவரை நம்பிய ராஜா. பிறகு ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்துச் சீரிய ராஜாவுக்குக் கொடுத்து உதவி வாங்கினான். 'இது தப்பு' என்று சொன்ன ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் போட்டான். அந்த வரிசையில்தான், 39ஆம் வருஷத்தில், அந்தக் கால் வியாதி வருகிறது. வேதத்தின் வருத்தம் அவன் நம்பிக்கை போனதைப் பற்றி. வைத்தியத்தைப் பற்றி இல்லை. எசேக்கியா ராஜாவின் கட்டிக்கு அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னது யார்? ஏசாயா தீர்க்கதரிசியே! சுவிசேஷம் எழுதிய லூக்கா யார்? பவுல் பிரியமாகச் சொல்கிறார், வைத்தியர் என்று!

நாலாவது நாள் ராத்திரி பெரியப்பா மாத்திரை டப்பாவைக் கேட்டார். கால் தப்பியது. ஆனால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு எங்களிடம் அடிக்கடி சொல்வார்: "ஒரு வசனத்தைப் படிச்சேன், விரல் போச்சு. மூணு அதிகாரம் படிச்சேன், கால் நின்னுச்சு."

வெளிப்பாடே இல்லை என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. மழை மேலேயிருந்துதான் வர வேண்டும். அதை நாம் உண்டாக்க முடியாது. ஆனா உழாத நிலத்துல மழை பெஞ்சா என்ன முளைக்கும்? களைதான் முளைக்கும்! ஏர் பிடிக்க வேண்டியது நம்ம கை. பெரியப்பா கேட்டது ஆண்டவரின் குரலா, அவருடைய பயத்தின் குரலா? அதைப் பிரித்துக் காட்டியது அந்த நாலு சாயங்காலப் படிப்பு.

மணி அடிச்சுட்டீங்க. முடிச்சுடறேன். வேதம் ஒருவருக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னால் அவர் ஒருவருக்குத்தான் வெளிச்சம். உட்கார்ந்து படித்தால் பெரியப்பாவுக்கும் வெளிச்சம், பெரியம்மாவுக்கும் வெளிச்சம், பக்கத்தில் நின்ற எனக்கும் வெளிச்சம். ஆகவே, வேதாகமத்தின் பொருளைத் திறப்பது பொறுமையான, நெடுநாள் படிப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.