பண்டிகை முடிந்தது, பலகார டின் முடியவில்லை

(தீபாவளி கழிந்த ஞாயிறன்று, பால்மரத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் குடும்பத்தோடு கூடிய ஈப்போக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தீபாவளி வாழ்த்துச் சொல்லச் சற்றுத் தாமதித்து வந்திருக்கிறோம். வாழ்த்தோடு ஒரு கேள்வியும் உண்டு. வீட்டில் பலகார டின் இன்னும் எத்தனை பாக்கி? சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பிலேயே கணக்குத் தெரிந்துவிட்டது.

பண்டிகையன்று தின்றதற்காக நாம் யாரையும் குறை கூறப்போவதில்லை. வருஷமெல்லாம் விடியுமுன் எழுந்து மரத்தடிக்கு ஓடுகிறவன் ஒரு நாள் ஆட்டிறைச்சியும் அதிரசமும் வயிறாரச் சாப்பிட்டால் அது குற்றமாகாது. ஒரு நாள் விருந்தால் ஒருவனுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிடுவதுமில்லை. நாம் பேச வந்தது அந்த ஒரு நாளைப் பற்றியல்ல, அதற்குப் பின் வரும் முப்பது நாட்களைப் பற்றி.

நமது பேராக்கில் தீபாவளி எந்தக் காலத்தில் வருகிறது? மழைக் காலத்தில். பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட முடியாது. பிரட்டுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்புகிறார். வெளியே மழை, உள்ளே முறுக்கு டின், கையில் தே தாரே. விருந்தாளிக்கென்று சுட்டது, விருந்தாளி வந்துபோன பிறகு நம் வயிற்றுக்கே வந்து சேர்கிறது. நடைக்கும் சுமைக்கும் செலவாகாத நாட்களில்தான் நாம் அதிகமாகத் தின்கிறோம். கிராணிமார்கள் நிலையோ இன்னும் மோசம். அவர்களுக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். நாற்காலியை விட்டு எழவேண்டியதில்லை. ஆபீசில் ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிடுகிறார்கள்.

இதிலென்ன ஆபத்து என்று கேட்பீர்கள். 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர்! 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 ஆகக் குறைந்தது. ஆயினும் நோயுள்ளவர்களில் ஐந்தில் இருவருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை.

தோழர்களே, பால்மரக் காட்டில் நடக்கிறவனுக்குக் காலே மூலதனம். சர்க்கரை ஏறிக் கிடந்தால் நாளடைவில் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தியது தெரியாது, பூட்ஸ் உரசிப் புண்ணானது தெரியாது. இரத்த ஓட்டமும் குன்றிவிடுவதால் புண் ஆறாது. கடைசியில் விரலையோ பாதத்தையோ வெட்டவேண்டி வருகிறது. காலை இழந்தவருக்கு எந்தத் தண்டல் நிரை கொடுப்பார்?

"பழைய சாப்பாட்டுக்குத் திரும்புங்கள்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எந்தப் பழைய சாப்பாடு? ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் தப்பியதற்கா திரும்புவது? லயத்துக் காலத்தில் எல்லாம் நன்றாயிருந்தது என்று நாம் சொல்லமாட்டோம். அன்று வயிறு நிறையாத வீடுகள் அநேகம். ஆனால் அந்த ஏழைச் சாப்பாட்டில் இரண்டு நல்ல விஷயங்கள் இருந்தன.

ஒன்று, புழுங்கல் அரிசி. இதற்கு ஒரு சரித்திரமே உண்டு. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கால் வீங்கி, நெஞ்சடைத்து ஏராளமாக மடிந்தார்கள். தமிழ்த் தொழிலாளர்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர், சீனர் தின்பது தீட்டிய பச்சரிசி, தமிழர் தின்பது புழுங்கல், வித்தியாசம் இதில்தான் என்று எழுதினார். பிளெட்சர் என்ற டாக்டர் 1905இல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் அதைச் சோதித்தார். தீட்டிய அரிசி கொடுத்த 120 பேரில் 43 பேருக்கு நோய் கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் கொடுத்த 123 பேரில் இருவருக்கே நோய், அவர்களும் வரும்போதே அதோடு வந்தவர்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதை உலகத்து வைத்தியர்கள் அறிய உதவியது நம் பாட்டன்மார் சோற்றுப் பானை! இன்று நம் வீடுகளில் பலவற்றில் பளபளக்கும் வெள்ளை அரிசி. புழுங்கலுக்கு மாறுவது நல்லது. ஆனால் புழுங்கல் ஆயிற்றே என்று தட்டைக் குவித்துவிடக் கூடாது; சர்க்கரைக்காரருக்கு அளவு அளவுதான்.

மற்றொன்று, லயத்தைச் சுற்றியிருந்த காய்கறிப் பாத்தி. முருங்கை, வெண்டி, பயத்தங்காய், பசலை, வல்லாரை எல்லாம் காசில்லாமல் கிடைத்தன. தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, நம்மவர் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது அந்தப் பாத்தி கூட வரவில்லை. கீரை இப்போது காசு கொடுத்து வாங்கும் பொருள். சம்பளம் போதாத வீட்டில் முதலில் வெட்டப்படுவது அதுதான். தீபாவளிக் கடன் தலைமேல் நிற்கும் மாதத்தில் மீ பாக்கெட்டும் முட்டையுமாகக் காலம் ஓடுகிறது. சத்தாகச் சாப்பிடு என்று பிரசங்கம் செய்கிறவர்கள் இதையும் நினைக்கவேண்டும்.

ஆனாலும் ஈப்போவில் மலிவாகக் கிடைப்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இவ்வூர்த் தவ்கே நாடறிந்தது. கோழிச் சோற்றுக் கடைக்கு மட்டுமா அது சொந்தம்? வதக்கினால் ஒரு குடும்பத்துக்குக் காணும். கங்கோங், டெம்பே, கெம்போங் மீன் எல்லாமே ஏழைக்கு எட்டுகிறவை. புந்தோங் கச்சாங் பூத்தே கிராமத்தில், எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறையாகக் கடலை வியாபாரம் செய்கின்றன. முறுக்கும் மிக்சரும் வாங்கும் அதே இடத்தில் கொண்டைக் கடலையும் இருக்கிறது. அதை அவித்துத் தாளித்தால் மாலைப் பலகாரம் ஆயிற்று.

2016இல் சுகாதார அமைச்சு ஒரு எளிய கணக்குச் சொன்னது: தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ பருப்போ கோழியோ, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம் தட்டைப் பாருங்கள். முக்கால் பாகம் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல்.

இனி இனிப்புத் தண்ணீர். நம் கணிப்பில் முறுக்கைவிட இதுவே பெரிய எதிரி. முறுக்கு ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், இது வருஷம் முழுவதும் ஓடுகிறது. டின் பாலில் ஏறக்குறையப் பாதி சீனி. இரண்டு பெரிய கரண்டி ஊற்றிய ஒரு கிளாசிலேயே நாலைந்து சிறு கரண்டி சீனி வந்துவிடும். சேர்க்கும் சீனியை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்தாறு சிறு கரண்டிக்குள், வைத்துக்கொண்டால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு ஆலோசனை. நாம் காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று! சீனி மிகுந்த போத்தல் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி வந்தது, 2025இல் 90 காசாயிற்று. கடையில் ஆற்றிக் கொடுக்கும் தே தாரேவுக்கும் ஈப்போ வெள்ளைக் கோப்பிக்கும் அந்த வரி கிடையாது. ஆகவே நம் நாக்குக்கு நாமே வரி போட்டுக்கொள்ள வேண்டும். தோட்டத்து வரக்கோப்பிக்குத் திரும்பலாம், அதுவும் சீனியைக் குறைத்து. ஒரேயடியாக வேண்டாம், வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு சண்டை போடாது.

சிலர் எதிர்த் திசையில் பாய்கிறார்கள். தின்றதற்குப் பிராயச்சித்தமாகப் பட்டினி. தீபாவளி ஓய்ந்த கையோடு கந்த சஷ்டி விரதமும் வருகிறது. விரதத்தை நாம் தடுக்கவில்லை. ஆனால் இன்சுலின் ஊசியோ சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு மரம் வெட்டப் போனால் சர்க்கரை திடீரென்று இறங்கி நிரையிலேயே மயங்கி விழக்கூடும். நோன்பு மாதத்தில் மலாய்த் தோழர்கள் டாக்டரிடம் முன்கூட்டிப் போய் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேட்டு வாங்குகிறார்கள். அதே உரிமை நமக்கும் உண்டு, கேட்பதில்லை. பட்டினியோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. தீபாவளி லேகியத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. அதில் இஞ்சியும் ஓமமும் மட்டுமல்ல, வெல்லமும் நெய்யும் இருக்கின்றன.

டின்னில் மீந்ததை என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். இன்றே பிரித்து மழையில் நிற்கும் காவற்காரருக்கும், அண்டை வீட்டுச் சீனப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கென்று ஒரு சிறு டப்பா போதும். அதையும் கண்ணில் படாத உயரத்தில் வையுங்கள். நாளை திங்கட்கிழமை அடுப்பில் முதலில் ஏறவேண்டியது கீரைச் சட்டி.

நாற்பதைத் தாண்டியவர்களும், தாய் தகப்பனுக்குச் சர்க்கரை உள்ளவர்களும் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. காலையில் போகிறவர்கள் முந்தைய இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் எடுக்காதீர்கள், கோப்பியும் கூடாது. கணக்கு 7 அல்லது அதற்கு மேல் என்று வந்தால் டாக்டர் சொல்லாமல் எழுந்து வராதீர்கள். உடம்பில் ஒன்றும் தெரியாதவர்களுக்கு மறுமுறையும் சோதித்துத்தான் முடிவு சொல்வார்கள். பூட்ஸைக் கழற்றிப் பாதத்தையும் காட்டுங்கள்.